ரவிக்கை தைத்து நடந்த மதரஸா

ரங்கூனில் குண்டு விழத் தொடங்கியதும் நானும் அத்தாவும் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தோம். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் எங்கள் ஊர். அத்தா ரங்கூனில் துணிக்கடையில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வந்த நிலையிலும், கையால் சுற்றித் தைக்கிற என் மிஷினை மட்டும் நான் விடவில்லை. கப்பலில் அதன்மேல்தான் தலைவைத்துப் படுத்தேன்.

ஊர் ஆண்களில் பாதிப்பேர் பர்மாவில் பிழைத்தவர்கள். அவர்கள் அனுப்பிய மணியார்டரில்தான் பள்ளிவாசலை ஒட்டியிருந்த மதரஸாக்கள் நடந்தன. ஒன்று பையன்களுக்கு, மற்றொன்று பெண்பிள்ளைகளுக்கு. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் மணியார்டர் நின்றுபோனது. பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்துவந்த முத்தவல்லி, பெண்பிள்ளைகளுடைய மதரஸாவை நோன்பு முடிந்ததும் மூடிவிடலாம் என்றார்.

அங்கே ஓதிக்கொடுத்தவரை ஊரே உஸ்தாத்பி என்றுதான் அழைக்கும். கணவரை இழந்தவர், கண்டிப்பானவர். குர்ஆனைப் பிழையில்லாமல் ஓதுவதில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெண்பிள்ளையான நான் அத்தாவுக்கு உரக்கப் பத்திரிகை வாசித்துக் காட்டுவதைக் கேள்விப்பட்டு என்மேல் அவருக்கு நல்ல எண்ணம் இருக்கவில்லை. ஆனாலும் மூடப்போகிறார்கள் என்றதும் நான் அவரிடம்தான் போனேன்.

"பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் குடுக்கேன், உஸ்தாத்பி. தைக்கிற கூலியில பள்ளிய நடத்தலாம்."

"ஓதுற எடத்துல அந்தச் சத்தமா? அது ஆகாது."

"ஓதி முடிச்ச பெறகு தைக்கட்டும்."

அவர் விரித்திருந்த குர்ஆனை மூடி உறையில் வைத்தார். பிறகு, "குர்ஆனை மூடி வைக்கிறவரைக்கும் மிஷின் வாயத் திறக்கக்கூடாது" என்றார்.

"சரி. எனக்கும் ஒண்ணு வேணும். தமிழும் கணக்கும் நான் சொல்லிக் குடுப்பேன்."

"கணக்கு எதுக்கு?"

"அளவெடுக்கத் தெரியணுமே."

சிரித்தாரா என்று தெரியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாளைக்கே வா" என்றார்.

முதலில் ஊருக்குள்தான் தைத்தோம். கூலியாகக் கம்பும் பருத்தியும் வந்தன. அதை வைத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி ஊற்ற முடிந்தது, அவ்வளவுதான். நூல் வாங்க ஒருநாள் பெட்ரோல் கிடைக்காமல் கரிப் புகையில் ஓடிய பஸ்ஸில் அத்தாவோடு அருப்புக்கோட்டை போனேன். கடையில் ஒரு நெசவாளி வீட்டம்மா, மகள் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"ஆம்பளை டைலர்கிட்ட பொம்பளைப் பிள்ளை எப்பிடிங்க அளவு குடுக்கும்? பழைய ரவிக்கையப் பாத்து உத்தேசமாத் தைக்கான். கை நுழைய மாட்டேங்குது."

நான் குறுக்கே புகுந்து, "நான் தைக்கேன்மா. உங்க வீட்டுலயே வந்து அளவெடுக்கேன்" என்றேன்.

அந்த வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே, தெலுங்கில் கிசுகிசுத்துச் சிரித்த பெண்கள் சுற்றி நிற்க அளவெடுத்தேன். தைத்துக் கொடுத்த ரவிக்கை கல்யாணப் பெண்ணுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கல்யாண வீட்டில் அதைப் பார்த்த மற்ற பெண்களும் யார் தைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். அறுவடை முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கியபோது, தங்கள் தறித் துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு நெசவாளி வீட்டுப் பெண்கள் வில்வண்டிகளில் எங்கள் மதரஸா வாசலுக்கே வந்து இறங்கினார்கள்.

வண்டிகள் நின்றதுதான் வினையாயிற்று. பிள்ளைகள் கூலிக்குத் தைப்பதும், வெளியார் கூட்டம் கூடுவதும் மார்க்கத்துக்கு அடுக்குமா என்று முத்தவல்லி ஜமாத்தைக் கூட்டிவிட்டார். பெண்கள் நாங்களும் பிள்ளைகளும் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டோம். ஆளாளுக்குப் பேசினார்கள். உஸ்தாத்பி திரையை ஒட்டிப் போய் நின்று பேசினார்.

"ரங்கூன்காரவுக அனுப்புன காசுல ஓதுனது ஹலாலா இருந்துச்சு. இதுக கையால சம்பாரிச்சு ஓதுனா ஹராமாயிருமா? ஓதுறது கொறஞ்சிருக்குன்னு நெனச்சா இமாம் அவுகளே கேட்டுப் பாக்கட்டும். எந்தப் பிள்ளைய வேணும்னாலும் கேக்கட்டும்."

பையன்களுக்கு ஓதிக்கொடுக்கும் இமாம் குர்ஆனில் ஓரிடத்தைத் தொடங்கிக் கொடுத்தார். அரைத் தையல் போட்டிருந்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அங்கிருந்து எடுத்து ஓதினாள். அவர் வேறோர் இடத்துக்குத் தாவினார். வேறொருத்தி பிடித்துக்கொண்டாள். கடைசியில் இமாம் சொன்னார்: "என் பையங்க இம்புட்டுச் சுத்தமா ஓதமாட்டாங்க."

முத்தவல்லி கூட்டத்தை முடித்துக்கொண்டு எழுந்தார்; பள்ளியை மூடும் பேச்சு அதோடு நின்றது. திரைக்கு இந்தப் பக்கம் உஸ்தாத்பி என் கையைப் பிடித்தார்.

ஜப்பான் சண்டை முடிவதற்குள் எங்களிடம் மிஷின்கள் பெருகிவிட்டன. அரசாங்கப் பள்ளி இன்ஸ்பெக்டர் அம்மா ஒருவர் வந்து பார்த்தார். காலையில் ஓதல், பிறகு தமிழும் கணக்கும், வெயில் சாய்ந்தால் தையல் என்ற முறையை மாற்றச் சொல்வாரோ என்று பயந்தோம். அவர் பிள்ளைகளைக் கணக்கில் மடக்கப் பார்த்தார். முழத்தையும் கெஜத்தையும் நாள்தோறும் கையாண்ட பிள்ளைகள் மடங்கவில்லை. ஓதல் ஓதலாகவே இருக்கட்டும், அஞ்சாம் வகுப்புப் பரீட்சைக்கும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பரீட்சை எழுதியவர்களில் ஒருத்தியும் தோற்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் பையன்கள் மதரஸாவின் கூரை உட்கார்ந்துவிட்டது. முத்தவல்லி வந்து வாசலில் நின்றார்.

"உஸ்தாத்பி, ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"கூரைதானே? நாங்க போட்டுத் தாரோம்."

முத்தவல்லி தலையாட்டினார். உஸ்தாத்பி அதோடு விடவில்லை.

"பள்ளிவாசலுக்குப் பின்னால தரிசு கெடக்குல்ல, அதை எங்களுக்கு எழுதிக் குடுத்துருங்க. சொந்தக் கட்டடம் கட்டிக்கிறோம். அப்பறம், பையங்களுக்கும் ஒரு கைத்தொழில் சொல்லிக் குடுக்க ஏற்பாடு பண்ணுங்க."

முத்தவல்லி இரண்டுக்கும் சம்மதித்தார். பையன்கள் மதரஸா கூரைக்குப் பனங்கைச் சட்டங்களை ஏற்றிய அன்றே எங்கள் தரிசில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டத் தொடங்கினோம். கரிசல் ஈரத்தில் சேறு மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கூடையில் மண் அள்ளிக் கொட்டினார்கள். உஸ்தாத்பி வெயிலுக்கு முக்காட்டை மடித்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் எந்தத் திசையில் வரவேண்டும் என்று கொத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.