படம் நிற்கக் கூடாது

போன செவ்வாய்க்கிழமை, குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத் தோட்டத்தில், ஒரு பாறையின் நுனியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். தவம் எல்லாம் இல்லை. தோட்டத்தில் அந்த ஒரு இடத்தில்தான் செல்போனுக்கு சிக்னல் வரும்.

வீட்டிலிருந்து என் மனைவி ஈஸ்வரி கூப்பிட்டாள்.

“என்னங்க, எங்க அண்ணே வந்திருக்காக. கல்யாண வீடியோ பாக்கணும்னாக. போட்டு விட்டுட்டேன்.”

அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

போடியில் எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. சினிமா, பாட்டு, குடும்ப வீடியோ எல்லாம் அதற்குள்தான். காய் பறிப்புக் காலத்தில் நான் பாதி நாள் மலையில் கிடப்பேன். ஆனாலும் அதன் நிர்வாகத்தை யாரிடமும் கொடுத்ததில்லை. இங்கிருந்தே செல்போன் வழியாக உள்ளே போய் ஃபைல்களை நகர்த்துவேன், அப்டேட் போடுவேன்.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. நான் இங்கே உள்ளே நுழைந்தால் அங்கே படம் நின்றுபோய், டிவி பாஸ்வேர்டு கேட்கும். அதுவும் சரியாக க்ளைமாக்ஸில். ஈஸ்வரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் வேறொரு ஆப்பைத் தேடிப் பிடித்தேன். படம் அது பாட்டுக்கு ஓடும், நான் என் பாட்டுக்கு வேலை பார்ப்பேன். இந்தப் பெருமையை ஜீப் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லித் திரிந்தேன்... கேட்டவர்கள் டீ குடிப்பதை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது மச்சானுக்கு வருவோம். ஈஸ்வரியின் அண்ணன், ராசிங்காபுரத்தில் விவசாயம். என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தவர். இரண்டு டிராக்டர், முன்னால் மேளம், பின்னால் தட்டு ஏந்திய ஊர் சனம் – தெருவே அடைத்துக்கொண்டது. அந்த வீடியோவை அவர் இன்னும் பார்க்கவில்லை. கடலை பிடுங்கி முடித்துவிட்டு நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சீர் மட்டும் தனி ஃபைல். நாற்பத்தேழு நிமிஷம். ‘முக்கால் மணி நேரம் மேளச் சத்தத்தை யார் கேட்கப் போகிறார்கள்?’ என்று முந்தின வாரம்தான் இதே பாறையிலிருந்து அதைக் கல்யாண வீடியோ வரிசையை விட்டுத் தூக்கி வேறொரு ஃபோல்டரில் போட்டேன். அடுத்த வாரம் மொத்தமாக அழித்துவிடுவதாக உத்தேசம்.

சீர் இல்லாத கல்யாண வீடியோவைத் தாய்மாமன் பார்த்தால் என்ன ஆகும்? எங்கள் பக்கம் இதைவிடச் சின்ன விஷயத்துக்கே வருஷக்கணக்கில் வாசல் மிதிக்காதவர்கள் உண்டு.

“இப்ப என்ன ஓடுது?”

“பொண்ணழைப்பு. அடுத்து சீருதான்னு நிமிந்து உக்காந்திருக்காக.”

அடுத்து வரப்போவது முகூர்த்தம். பொண்ணழைப்பு முடிய இன்னும் ஒன்பது நிமிஷம். விஷயத்தைச் சொன்னேன். ஈஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

“படத்தை மட்டும் நிறுத்திப்புடாதீக. நிறுத்துனா என்ன ஏதுன்னு கேப்பாக. நான் என்ன சொல்ல?”

நிறுத்துவேனா? அதில்தானே நான் நிபுணன்.

உள்ளே நுழைந்தேன். கீழே ஜீப் ஹாரன். “அண்ணே, லோடு ஏத்தியாச்சு, வெரசா வாங்க” என்றார் டிரைவர். கையை மட்டும் காட்டினேன். சிக்னல் ஒரு புள்ளி வந்தது, போனது, வந்தது. ஃபோல்டரைத் தேடித் திறந்தேன். ஃபைலைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு போய் முகூர்த்தத்துக்கு முன்னால் செருகினேன். இன்னும் இரண்டு நிமிஷம் மிச்சம். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிவியில் ஓடுவது செல்போனிலும் தெரியும்; சீர் ஓட ஆரம்பித்தது. நானும் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். கல்யாணத்தன்று எனக்குப் பந்தியைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. மச்சான் என் மகள் கழுத்தில் மாலை போடுகிறார். அவள் அவர் காலில் விழுந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். இதையா அழிக்கப் பார்த்தேன் என்று வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. ஈஸ்வரி.

“என்னங்க... நீங்க பண்ணுனதெல்லாம் டிவியில தெரிஞ்சுச்சு.”

ஆமாம். அந்த ஆப் படத்தை நிறுத்தாது. ஆனால் நான் நகர்த்தும் அம்புக்குறி, திறக்கும் ஃபோல்டர் எல்லாவற்றையும் படத்தின் மேலேயே காட்டும். கையில் இருந்த சின்னத் திரை எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிட்டேன். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனுக்கு அந்த நேரத்தில் இது மறந்துவிட்டது.

சரி, தெரிந்தால் என்ன என்கிறீர்களா? அந்த ஃபோல்டருக்கு நான் வைத்திருந்த பெயர் ‘வேண்டாதவை’. உள்ளே மூன்றே மூன்று ஃபைல்கள் – பழைய கரண்ட் பில், தாய்மாமன் சீர், மிக்ஸி வாரண்டி.

“அண்ணே பேசணுங்கறாக” என்று போனைக் கொடுத்தாள்.

மேளச் சத்தத்துக்கு நடுவே மச்சான் குரல் வந்தது.

“மாப்ளே...”

“சொல்லுங்க மச்சான்.”

“மிக்ஸி இன்னும் ஓடுதா?”

“ஓடுது மச்சான்.”

“நல்லாருக்கட்டும்” என்றார். வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. ஜீப்பில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்த ‘நல்லாருக்கட்டும்’ வந்து இடித்தது. வீட்டுக்குப் போனபோது மச்சான் கிளம்பிவிட்டிருந்தார். நேரே ராசிங்காபுரம் போய் மன்னிப்புக் கேட்டேன். “அட விடுங்க மாப்ளே” என்று சாப்பாடு போட்டு அனுப்பினார். ஃபோல்டரின் பெயரையும் ‘மிக மிக முக்கியம்’ என்று மாற்றிவிட்டேன்.

ஆனால் மச்சான் முந்தாநாள் மறுபடி வந்தார். துண்டை உதறிப் போட்டு, டிவிக்கு எதிரே உட்கார்ந்து, தங்கச்சியிடம் சொன்னார்:

“ஆத்தா, மாப்ளையோட வேண்டாதத கொஞ்சம் போடு.”

நாற்பத்தேழு நிமிஷம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நிறுத்துகிற பட்டன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது... தொடுவேனா?