பை கீழேதான் தொங்கணும்

செபஸ்தியம்மாளுக்கு டாக்டர் மேல் கோபம் இல்லை. கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் முப்பது வருசம் குலை கத்தரித்தவள். கத்தரி வழுக்கினால் நல்ல கொப்பும் சேர்ந்து விழும் என்பது அவளுக்குத் தெரியும். பித்தப்பையில் கல் என்று வயிற்றில் துளை போட்டு எடுத்தபோது, ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாயும் வெட்டுப்பட்டுவிட்டது. "உள்ள எல்லாம் ஒட்டிக் கெடந்துச்சும்மா. கொழாயும் சேந்து வெட்டுப்பட்டிருச்சு. என் கைத்தப்புதான்" என்று அந்த டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றே மதுரைக்கும் அனுப்பினார். திட்ட வேண்டிய மட்டும் திட்டிவிட்டு அவரை அத்தோடு விட்டாள்.

மதுரையில் விலாப்பக்கம் துளைத்து ஈரலுக்குள் ஒரு குழாய் விட்டு, வெளியே பை மாட்டினார்கள். பித்தமெல்லாம் பச்சையாக அதில் வந்து விழுந்தது. வீக்கம் வடிய ஆறு வாரம் ஆகும். அப்புறம்தான் குடலை மேலே இழுத்து ஈரல் குழாயோடு தைக்க முடியும். அதுவரை பையைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம். வார்டு நர்ஸ் மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள். பை எப்போதும் குழாய்க்குக் கீழே தொங்க வேண்டும். குழாய் மடங்கக் கூடாது. குளிர் நடுக்கம் வந்தால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டும்.

பக்கத்தில் நின்ற புருசன் ஆரோக்கியசெல்வம் தலையாட்டினார். அவர் தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கிறவர். மேடு பள்ளம் பார்த்துக் குழாய் போடுவதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்த மனுசன்தான் நாலாவது வாரம் அதைச் செய்தார்.

மகன் ஜஸ்டினுக்கு ஜெயமங்கலத்தில் பெண் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரவிருந்த ஞாயிறன்று, பூசை முடிந்து வந்ததும் ஆரோக்கியசெல்வமும் அவர் தங்கை அனிதா மேரியும் செபஸ்தியம்மாள் கட்டில் முன்னால் வந்து நின்றார்கள்.

"மதினி, அவுக கண்ணுல இது பட்டா சம்பந்தம் போச்சு. மாமியாகாரிக்கு ஈரல் கெட்டுப்போச்சும்பாக. காமாலை ஒட்டிக்கிரும்பாக."

"அதுக்கு?"

"ரெண்டு மணி நேரம்தான. சுருட்டி இடுப்புல கட்டிக்கிருவோம். மேல சேலை மூடிக்கிரும்."

"நர்சம்மா என்ன சொன்னா? நீங்களும் கேட்டீகள்ல?" என்று புருசனைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆயிராது. பய வாழ்க்கையப் பாரு."

பய வாழ்க்கை என்று சொன்ன பிறகு எந்தத் தாய் எதிர்த்துப் பேசுவாள்? செபஸ்தியம்மாளும் பேசவில்லை. அதற்காகத் தன் மேலேயும் அவளுக்குக் கோபம் உண்டு. அனிதா மேரி குழாயை இரண்டாக மடித்து, பையைச் சுருட்டி, பழைய துண்டால் இறுக்கிக் கட்டினாள்.

வந்தவர்கள் இரண்டு மணி நேரத்தில் போகவில்லை. சாப்பிட்டு, தோட்டம் பார்த்து, பேசிப் பேசி, நாலரைக்குத்தான் வேன் ஏறினார்கள். துண்டை அவிழ்க்கும்போதே அவளுக்குக் குளிர் நடுக்கம் வந்து பல் கிட்டித்தது. கட்டில் ஆடியது.

"களைப்பு" என்றார் ஆரோக்கியசெல்வம்.

"களைப்பா? வாய்க்கால அடைச்சா தண்ணி எங்கன போகும்? ஊரான் தோட்டத்துக் கொழாய இப்படி மடிச்சுக் கட்டுவீகளா நீங்க?"

அவர் எழுந்து வண்டி பிடிக்கப் போனார்.

மதுரையில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். தேங்கிய பித்தம் சீழ் பிடித்து ரத்தத்தில் ஏறியிருந்தது. "இந்த நெலமையில தையல் நிக்காது. ஆபரேசன் இன்னும் ரெண்டு மாசம் தள்ளிப் போகுது" என்றார் பெரிய டாக்டரம்மா. இன்னும் இரண்டு மாதம் புரளாமல் படுக்க வேண்டும், இந்தப் பையைச் சுமக்க வேண்டும். அதுவும் உயிர் நின்றால்.

அவள் வீடு திரும்பிய பிறகு, இடையில் ஜெயமங்கலத்தில் நிச்சயதார்த்தம் வந்தது. அனிதா மேரி மறுபடியும் துண்டோடு வந்தாள்.

"கிட்ட வந்த, அதே துண்டால உன்னையக் கட்டிப் போட்டுருவேன்."

"சரி, நீ வர வேணாம். ஒடம்புக்கு முடியலைன்னு சொல்லிக்கிறேன்" என்றார் புருசன்.

"எம் மகன் நிச்சயத்துக்கு நான் வராம எவ வருவா?"

பெண் வீட்டில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, பையை எல்லோரும் பார்க்கக் கீழே தொங்கவிட்டாள். பச்சையாகப் பாதி நிறைந்திருந்தது. ஜஸ்டின் தரையைப் பார்த்தான்.

பெண்ணின் அப்பா பொன்னுராஜ்தான் கேட்டார். "இதென்ன தங்கச்சி?"

"பித்தம்ண்ணே. கொழாய் வெட்டுப்பட்டுப் போச்சு, வெளிய எடுத்து விட்டிருக்காக. அன்னிக்கு நீங்க வந்தப்ப இத மடிச்சு என் இடுப்புல கட்டி மறைச்சாக. சாகக் கெடந்தேன். இன்னிக்கு மறைக்க மாட்டேன். பொண்ணு குடுக்குறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

"ஒட்டிக்கிருமோ?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"வெட்டுக்காயம் ஒட்டுமா ஆத்தா? ஒட்டும்னா மொதல்ல இந்த மனுசனுக்குல்ல ஒட்டிருக்கணும். ஒட்டலையே, அதான் என் வகுத்தெரிச்சல்."

யாரோ சிரித்தார்கள். பொன்னுராஜ் சிரிக்கவில்லை. "மொதல்லயே சொல்லிருந்தா ஒங்களுக்கு ஒடம்பு தேறுன பெறகே வந்திருப்போமே தங்கச்சி. ஆபரேசன் முடியட்டும். கல்யாணத்தப் பெறகு வச்சுக்கிருவோம்" என்றார்.

அவ்வளவுதான். சம்பந்தம் போகவில்லை. போயிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். ஒன்றுமில்லாததற்கு உயிரை வைத்து விளையாடினார்களே என்பதுதான் ஆறவே இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் ஆரோக்கியசெல்வம் வேன் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சொன்ன தேதியில் ஆபரேசன் நடந்தது. ஏழு மணி நேரம் ஆயிற்று. ஆறாம் நாள் காலை கழிவறைக்குப் போன செபஸ்தியம்மாள் வாசலிலேயே நின்று கத்தினாள். "சிஸ்டர், மஞ்சளாப் போயிருக்கு!"

மாதக்கணக்காக மலம் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. நிறம் திரும்பினால் பித்தம் குடலில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நர்ஸ் கை தட்டினாள்.

"மெல்லச் சொல்லு" என்றார் ஆரோக்கியசெல்வம். "பக்கத்துக் கட்டில்ல ஆளு இருக்காக."

செபஸ்தியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பி, முன்னைவிட உரக்க, கதையை முதலிலிருந்து தொடங்கினாள். துண்டு கட்டிய இடம் வந்தபோது அவர் பேரைச் சொல்லிக் கையையும் நீட்டிக் காட்டினாள்.