எழுத்தின் அளவு பன்னிரண்டு

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ஆள் நடமாடும் ஆபீஸில், எனக்கே நடந்தது.

மொழிபெயர்ப்பு நாவல்கள் போடும் பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை எனக்கு. கண்தான் மூலதனம். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம். அந்தத் திங்கட்கிழமை, சரியாக மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, டிக்... திரையில் பன்னிரண்டாக இருந்த எழுத்தின் அளவு தானாகப் பதினான்கானது.

செவ்வாய், அதே நேரம். டிக்... பதினாறு.

பக்கத்து மேசையில் பக்கம் வடிவமைக்கும் தாடிக்காரர்; நான் வைத்த பெயர் தாடி. என் வேலையைத் தன் தங்கைக்குக் கேட்டிருந்தாராம். சந்தேகம் வராதா?

"என் மெஷினைத் தொட்டீங்களா?"

"என் வேலையே தலைக்கு மேல கிடக்கு, தாயே."

புதன்கிழமை மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். டிக்... பதினெட்டு.

கணினி பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டோம்.

"சில புரோகிராம் செட்டிங்ஸைத் தன் ஃபோல்டர்லயே வெச்சுக்கும். இது சிஸ்டத்தோட பொதுப் பதிவேட்டுல எழுதி வைக்குது. புரோகிராமை அழிச்சாலும் அது போகாது. முன்னாடி இருந்தவங்களோடது ஒட்டிக்கிட்டிருக்கு."

அந்த வரிகளைத் துடைத்துவிட்டுப் போனார்.

வியாழன். டிக்... இருபத்துநான்கு.

வெள்ளி. பெட்டி பிரித்த புதுக் கணினி. தாடி அன்று லீவு.

மூன்று பத்து. டிக்... முப்பத்தாறு.

அப்படியானால், தாடி இல்லை.

திங்கள். டிக்...

பழைய பன்னிரண்டு! அப்பாடா என்றிருந்தது.

தாடி எட்டிப் பார்த்தார். "ஏங்க இவ்வளவு பெருசு? திரையில மூணே மூணு வார்த்தைதான் இருக்கு."

திரையைப் பார்த்தேன். என் கண்ணுக்குப் பொடி எழுத்துதான்...

மேலாளர் அம்மா பிறகுதான் சொன்னார். "உனக்கு முன்னாடி இருந்தவளும் இதையேதான் சொன்னா. யாரோ எழுத்தைப் பெருசாக்குறாங்கன்னு. ஒருநாள், சரியாயிடுச்சுன்னு சந்தோஷமா இறங்கிப் போனா. எதிர்ல வந்த லாரி அவ கண்ணுக்குத் தெரியலம்மா. அப்போ மணி மூணு பத்து."

சுவர்க் கடிகாரத்தைத் தேடினேன். வெறும் வெள்ளை வட்டம்.

இதை நான் சொல்லச் சொல்ல, தாடிதான் தட்டச்சு செய்கிறார்.

நான் சொன்னதைத்தான் அடிக்கிறாரா...

பார்க்க எனக்கு வழியில்லை.