பாய் கொண்டுவந்த ஜெபப் புத்தகம்

நெல்லிவாசல்நாட்டில் பனி இறங்கினால் எதிரே நிற்கும் மாடுகூடத் தெரியாது. அந்தப் பனிக்குள்ளிருந்து முதலில் கழுதைகளின் மணிச்சத்தம் வரும், பிறகு பாய் வருவார். வாணியம்பாடியில் தோல் பதனிடுகிறவர்களுக்காக எங்கள் மலையில் கடுக்காய் வாங்கிப் போகிறவர் அவர். என் அத்தைக்கு ஜெபப் புத்தகம் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

அத்தை அடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்து, பிழைத்து, கிறிஸ்தவளாகித் திரும்பியிருந்தாள். சிலுவை போட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை, மலையில் கேட்கவும் ஆளில்லை. பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போன மாமாவிடமிருந்து தகவலே இல்லாத காலம் அது. அவர் திரும்பி வர வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே வேண்டுதல். அதைத் தப்பும் தவறுமாகக் கேட்டுக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்தாள்.

"ஏசுசாமிகிட்ட இன்னா பேசறதுன்னு சொல்ற பொஸ்தகம் கீழ கெடைக்குமா பாய்?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "நல்ல ஆளப் பாத்து கேட்டியே தங்கச்சி. சரி, விசாரிச்சிக் கொண்டாறேன்."

எந்தக் கோயில் வாசலில் போய் நின்றாரோ, எப்படிக் கேட்டாரோ, சொன்னபடி கொண்டுவந்தார். காலிக் கோணிகளோடு போடாமல், துணியில் சுற்றிக் கையிலேயே ஏந்திக்கொண்டு மலையேறியிருந்தார்.

வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. வெள்ளாமைக்கு, பிள்ளைப்பேற்றுக்கு, இடி மின்னலுக்கு என்று அதில் தனித்தனி ஜெபங்கள் இருந்தன. தூரதேசம் போனவர்களுக்கான ஜெபத்தை அத்தை பிடித்துக்கொண்டாள். சாயங்காலம்தோறும் நான் படிப்பேன், அவள் பின்னாலேயே சொல்வாள். முடிந்ததும் புத்தகத்தைச் சாமைப் பானையில் சாய்த்து நிறுத்தி, அதன் தலையில் ஒரு பூ வைப்பாள். எங்கள் மலையில் எந்தச் சாமியிடம் எதைக் கேட்டாலும் பூ வைத்துத்தான் பதில் வாங்குவோம். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். ஏசுசாமிக்கு மட்டும் வேறு வழக்கம் இருக்குமென்று எங்களுக்கு எப்படித் தோன்றும்? அடுப்புப் புகையும் பனியும் கலந்த அந்த மங்கலில் இருவரும் மூச்சடக்கிப் பூவையே பார்த்திருப்போம். பூ வலப்பக்கம் விழுந்த நாளில் அத்தை எனக்குத் தேன் கொடுப்பாள். அதனால் மாமா வரவேண்டுமென்று நானும் மனதார ஆசைப்பட்டேன்.

அடுத்தமுறை வந்த பாய் கடுக்காயைப் பார்க்கவே இல்லை. அப்பாவையும் அத்தையையும் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் கழுதைகளுக்குப் புல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வழக்கமான பக்கத்தைப் பிரித்தேன்.

"அது வேணாம் கண்ணு," என்றாள் அத்தை. "வூட்டுக்காரன் இல்லாதவ சொல்றதுக்குன்னு ஒன்னு இருக்கும். தேடிப் பாரு."

கடைசிப் பக்கங்களில் இருந்தது. கண்டுபிடித்துவிட்டதில் எனக்கு ஒரே பெருமை. மாமாதான் வீட்டில் இல்லையே, இதை முதலிலேயே படித்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். திக்காமல், உரக்கப் படித்து முடித்தேன். அத்தை பின்னால் சொல்லவில்லை. பூவும் வைக்கவில்லை.

பூ இல்லாவிட்டால் தேனும் கிடையாதே என்ற கவலையில் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் எழுந்துபோய்த் தேன் எடுத்துவந்து என் உள்ளங்கையில் விட்டாள். நன்றாகப் படித்ததற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நக்கித் தின்றேன்.