சந்தனம் பூசிய கிட்டாரும் எங்கள் அக்காவும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கண்ணீரோடு வாசிக்க வேண்டிய கட்டுரையை அக்காவின் மகன் எழுதியிருக்கிறான். நான் தங்கை. அக்கா ஜெயித்த கதையைச் சொல்வதற்காகவே இந்தப் பக்கங்களைச் சண்டை போட்டு வாங்கினேன்.

அக்கா பிறந்தது சேரன்மகாதேவியில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது திருநெல்வேலி டவுனில். அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தார். நெற்றியில் திருநீறு இல்லாமல் வந்தால் காபி கிடையாது என்ற வீடு எங்களுடையது. அந்த வீட்டில் அக்கா கெட்டுப்போன எந்தச் சாமானையும் எறிய விடமாட்டார். ரேடியோ, டார்ச் லைட், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுவார். திறந்தவற்றில் பாதி திரும்ப மூடப்பட்டதே இல்லை என்பதையும் உண்மைக்காகச் சொல்ல வேண்டும். இவளை வேறு எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று அப்பா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சேர்த்துவிட்டார்.

அங்கேதான் வம்பு தொடங்கியது. அக்காவின் கல்லூரித் தோழி பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். அவரிடம் அக்கா கற்றுக்கொண்டார். குழு புதிய கிட்டார் வாங்கியபோது, சிவப்புச் சாயம் உதிர்ந்துபோன பழைய கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்பா அதை ஒரு வாரம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வீணை என்றால் கொலுவுக்காவது ஆகும், இது எதற்கு என்று அம்மாவிடம் மட்டும் கேட்டாராம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அக்கா படிப்பை முடித்துத் தொலைபேசித் துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எங்கள் தெரு அம்மன் கோயில் தசராவுக்கு உள்ளூர் மெல்லிசைக் குழு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தக் குழுவில் கிட்டார் வாசிப்பவருக்கு மஞ்சள் காமாலை. குழுவை நடத்திய கீபோர்டு அண்ணாச்சி, தெருப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு அப்பாவிடம் வந்து அக்காவை அனுப்பும்படி கேட்டார். முகத்துக்கு நேரே கேட்கிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்கு வராது. அவர்கள் போனபின் அக்காவைக் கூப்பிட்டார்.

“ஒரு தடவை வாசிச்சுக்கோ. தெருவுல நாலு பேரு சிரிச்சாங்கன்னா அதக் கட்டி மச்சுல போட்ருவேன். பெறவு நீ அதக் கேக்கப்படாது, பாத்துக்க.”

அக்கா சரி என்றார். அப்பா சொன்னால் செய்கிற மனிதர். மச்சில் ஏறிய எந்தப் பொருளும் எங்கள் வீட்டில் இறங்கியதில்லை. ஆகவே அந்த ஒரு கச்சேரியை நம்பித்தான் அக்காவின் கிட்டாரே இருந்தது.

கச்சேரி விஜயதசமி மாலையில். முந்தின நாள் சரஸ்வதி பூஜை. அக்கா வேலைக்குப் போயிருந்தார், அவசர டியூட்டி. அம்மாவுக்கு அக்கா மேடையேறுவதில் வெளியே சொல்லாத ஆசை உண்டு. அந்த ஆசையையெல்லாம் சேர்த்து கிட்டாரைப் பூஜைக்குத் தயார் செய்தார். எங்கள் அம்மா சாமிக்கு முன் வைக்கும் எதையும் கழுவாமல் வைக்கமாட்டார். அப்பாவின் சைக்கிளும் குளித்துவிட்டுத்தான் பூஜைக்கு வரும். கிட்டாரையும் தண்ணீர் சொட்டும் துணியால் அழுத்தித் துடைத்தார். கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்கிற இரண்டு காந்தச் சுருள்கள் இருக்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அவைதான். அவற்றின் மேல் வரிசையாக இருந்த சின்ன உலோகப் பொட்டுகள் ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் நிற்கும் இடுக்கு மட்டும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று அதிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். நான் பக்கத்தில் நின்று மாலை கட்டிக்கொண்டிருந்தேன். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வந்த அக்கா பூஜையைப் பார்த்ததும் கிட்டாரை எடுக்கக் கை நீட்டினார். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. சந்தனம் காய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. விஜயதசமி காலையில் கிட்டாரை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். சத்தமே இல்லை. ஸ்விட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் இல்லை.

அம்மா அடுக்களையில் போய் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “சாமிக்கே பிடிக்கல போல,” என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்து, “பிடிக்காட்டி இவ்வளவு சந்தனத்த வாங்கிருக்குமாப்பா?” என்றார்.

நானும் அக்காவும் ஜங்ஷனுக்கு ஓடினோம். ரேடியோ ரிப்பேர் கடை அண்ணாச்சி கடையைத் திறந்துதான் வைத்திருந்தார், ஆனால் சாலிடரிங் அயர்ன் முதல் ஸ்க்ரூ டிரைவர் வரை மாலை போட்டுப் பூஜையில் இருந்தன. சாயங்காலம் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுப்பேன் என்று சொல்லி, எங்களுக்குப் பொரிகடலை கொடுத்து அனுப்பினார். அந்த ஊரில் அன்றைக்கு எல்லா மெக்கானிக்குகளும் பொரிகடலைதான் கொடுத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அக்கா தானே கிட்டாரைத் திறந்தார். மேல் தகட்டைக் கழற்றியதும் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஸ்விட்சின் உள்ளே சந்தனம் கட்டியாக உறைந்திருந்தது. நர்ஸாக இருந்த எதிர்வீட்டு மதினியிடம் நான் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்தேன். அக்கா பைய, பைய, ஒவ்வொரு முனையாகத் துடைத்தார். பிறகு மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்தோம். காக்கை கிட்ட வராமல் அம்மா கம்போடு காவல் இருந்தார்.

அப்படியும் ஒரு பிக்கப்தான் பேசியது. மற்றதிலிருந்து வரும் பழைய வயர் அந்தத் துடைப்பையும் தாங்காமல் அடியோடு அறுந்திருந்தது. அதை ஒட்டுப்போட அக்கா தன் சாலிடரிங் அயர்னைச் சூடாக்கினார். அதற்கும் அம்மா பொட்டு வைத்திருந்ததால் வீடு முழுக்கச் சந்தன வாசனை. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முதல் முறையாக அம்மாவும் சிரித்தார். மீதமிருந்த வயர் குட்டையாக இருந்ததால் இடையில் சேர்க்க மெல்லிய வயர் வேண்டும். அப்பா செய்தி கேட்கும் இயர்போனை அக்கா பார்த்தார். அப்பாவும் அக்கா பார்ப்பதைப் பார்த்தார்.

“எடுத்துக்கோ. ஆனா சொன்னது சொன்னதுதான்,” என்றார்.

மாட்டி வாசித்தால் இரண்டு பிக்கப்பும் தனித்தனியே நன்றாகப் பேசின. சேர்த்துப் போட்டால் மட்டும் சத்தம் கூடுவதற்குப் பதில் தகரம் போல மெலிந்தது. பழைய வயர்களின் நிறம் வெளுத்துப் போயிருந்ததால் முன்முனையும் பின்முனையும் மாறிவிட்டன. ஒரே வாளியை இருவர் எதிரெதிர்ப் பக்கம் இழுத்தால் என்ன ஆகும், அதுதான் ஆயிற்று. அதற்குள் கீபோர்டு அண்ணாச்சி வாசலுக்கு வந்துவிட்டார். இது போதும், யாருக்குத் தெரியப் போகிறது, கிளம்பு என்றார். ஆனால் முதல் பாட்டின் ஆரம்பமே அக்கா தனியாக, இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசிக்க வேண்டியது.

“எனக்குத் தெரியுமே அண்ணாச்சி. நீங்க முன்னால போங்க,” என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடியும் தகட்டைக் கழற்றினார். வெளியே மேளச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. அக்கா நிதானமாக வயரைச் சூடு வைத்து முனை மாற்றி ஒட்டினார். திரும்ப மாட்டித் தட்டியபோது எழுந்த சத்தத்தில் அடுக்களைத் தட்டு அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா தலையை வாரிக்கொண்டு கிளம்பினார்.

மேடையில் பாவாடை தாவணியில் ஒரு பெண் கிட்டாரோடு வந்து நின்றதும், “ஏலே, பொம்பளப் பிள்ளையா வாசிக்கப் போகுது” என்று கூட்டத்தில் ஒரு குரலும் அதைத் தொடர்ந்து சிரிப்பும் கேட்டன. அப்பா கடைசி வரிசையில் நின்றிருந்தார். அக்கா இரண்டு பிக்கப்பும் சேர்ந்து பேச ஸ்விட்சை நடுவில் நிறுத்தி ஆரம்பித்தார். அந்தச் சத்தம் தெருவின் இரண்டு முனைக்கும் போனது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள் என்று நான் சொன்னால் தங்கை பேச்சு என்பீர்கள். அன்று கூட்டத்தில் இருந்த உங்களில் பலரே சாட்சி. முதல் பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கைதட்டு ஓயவில்லை. திரும்ப வாசித்தார். கோயில் தலைவர் பொன்னாடையை எடுத்துவிட்டு, இதைப் பிள்ளையின் அப்பாவே போடட்டும் என்று மைக்கில் கூப்பிட்டார். அப்பா மேடையேறிப் போர்த்திவிட்டு இறங்கினார். மறுநாள் காலையில் தச்சு ஆசாரி எங்கள் வீட்டில் கிட்டாரை அளந்துகொண்டிருந்தார். உள்ளே பஞ்சு வைத்த பெட்டி ஒன்று செய்ய வேண்டும் என்று அப்பா கூட்டி வந்திருந்தார்.

அதன்பிறகு அக்காவை நிறுத்த யாருமில்லை. நாங்குநேரி, கங்கைகொண்டான், சாத்தான்குளம் என்று கோயில் கொடை விழாக்களுக்கெல்லாம் வாசித்தார். பெண் பார்க்க வந்த அத்தானிடம் கச்சேரிக்குப் போவேன் என்று நேராகவே சொன்னார். பெட்டியைத் தூக்க நான் வரலாமா என்று அத்தான் கேட்டாராம். அத்தான் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது அக்காவின் பெரிய துயரம். அலுவலகம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் தனியாளாகச் சுமந்தார். அந்த வருடங்களிலும் கிட்டாரை விடவில்லை. நோய் வந்து விரல்களில் பலம் குறைந்தபோதும், மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு இடது கை விரல்களை எப்படி வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவைத் தாயாக இருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வெளியூர்க் கச்சேரியை விட்டுவிட்டு ஓடிவந்த குழுவினருக்கும், காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், சமைத்து வந்து எங்களைச் சாப்பிட வைத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

அப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்கா மறைந்த அன்று அஞ்சலிச் சுவரொட்டிக்கு வாசகம் கேட்டார்கள். அக்காவின் அரசுப் பதவியை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா தாளை வாங்கிப் பார்த்தார்.

“ஆபீசையெல்லாம் கீழ போடுங்க. எம் மக கிட்டார்க்காரி. அத மேல, பெருசாப் போடுங்க.”

டவுன் முழுக்க அப்படித்தான் ஒட்டினார்கள்.