குபான் பெயரில் ஒரு கணினி

பிஷ்கேக்கிலிருந்து தாஷ்கண்ட் வரை, ஏன், நிலாவில் யாராவது கணினி வைத்திருந்தால் அதுவரைக்கும், எங்கள் நரின் ஊர் சல்கினாய் எஜேவைப்போல (கிர்கிஸ் மொழியில் எஜே என்றால் அக்கா) மென்பொருள் நிறுவித்தர ஆள் கிடையாது. அவர் வருவதைப் பார்த்தால் திரையிலிருக்கும் பிழைச்செய்தி எழுந்து நின்று உட்கார இடம் கொடுக்கும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்ட என்னையே நிரல் எழுத உட்காரவைத்தவர் என்றால் பாருங்கள்.

நூலகத்தின் பின்னறையில் இலவச வகுப்பு நடந்தது. பாடம் எடுப்பவர் வேறு ஆள். புதிதாக வருகிறவர்களின் கணினியில் வேண்டிய மென்பொருள் பொதிகளை ஏற்றித் தருவது எஜேவின் வேலை. பெரும்பாலும் ஒரே தொல்லைதான். எங்கள் சந்தையில் கணினி விற்பவர்கள், வாங்குபவரின் பெயரை மரியாதையாக எங்கள் சிரிலிக் எழுத்திலேயே கணக்குப் பெயராகப் பதிந்து தந்துவிடுவார்கள். பொதி அந்தப் பெயருள்ள கோப்புறைக்குள் நுழையப் பார்க்கும். எழுத்து பிடிபடாமல், சிவப்பாகக் கத்திவிட்டுப் பாதியில் படுத்துக்கொள்ளும்.

“புதுக் கணக்கு போடு. லத்தீன் எழுத்து, நடுவுல எடம் விடாத. பழசத் தூக்கிப் போடு.”

எஜேவுக்குத் தினமும் இதே பாட்டு. ஒருநாள் வேண்டுமென்றே என் கணக்குக்கு எங்கள் எழுத்தில் ‘கழுதை’ என்று பெயர் வைத்துக்கொண்டு போனேன்.

“இன்னிக்குத்தாண்டா உன் சொந்தப் பேரப் போட்டிருக்க, மிர்லான்” என்றார்.

ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் கணினியில் மட்டும் அதைச் செய்யவில்லை. அது கணவர் குபான் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போகுமுன் வாங்கி வைத்தது. திறந்தால் எங்கள் எழுத்தில் அவன் பெயர்தான் வரும். குபான் அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துவது சந்தையில் வெங்காயம் விற்பவளுக்கும் தெரியும். எஜேவுக்குத் தெரியாதா?

அப்போதுதான் பிஷ்கேக் நிறுவனம் ஒன்று வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஆள் எடுத்தது. எஜே விண்ணப்பித்தார். வெள்ளிக்கிழமை தேர்வு. சொந்தக் கணினியில்தான் எழுத வேண்டும். வேலை கிடைத்தால், மருமகளாக நாளெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் மாமியார் வீட்டை விட்டு, மகளோடு தனி அறை பார்த்துப் போகலாம். தேர்வுக்கான பொதி ஏறவில்லை.

“புதுக் கணக்கு போடுங்க எஜே. நீங்க சொன்ன வைத்தியந்தானே?”

“அவரு கம்ப்யூட்டர்டா. அவரக் கேக்காம எப்பிடி?”

“கேளுங்க.”

“போன எடுத்தாத்தானே கேக்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்கு அழுதிருக்கலாம்.

மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கும் என் அண்ணனைப் பிடித்தேன். எஜேவுக்குத் தெரியாத அவன் எண்ணிலிருந்து அனுப்பச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன்: ‘நான் குபான். இது புது நம்பர். அந்தக் கம்ப்யூட்டர் உனக்குத்தான். உன் பேர்ல புதுக் கணக்கு போட்டுக்கோ. லத்தீன் எழுத்து, நடுவுல எடம் விடாத. என்னோடத அழிச்சிடு.’

வகுப்பில் இருக்கும்போதே செய்தி வந்தது. எஜே படித்தார். போனைக் காதில் வைத்தபடி நடைக்கூடத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். நான் சொல்லிவைத்தபடி அண்ணன் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். மறுபடியும். நான் சரியாக இருந்த கம்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து தன் பெயரில் கணக்குப் போட்டார். குபானை அழித்தார். பொதி முனகாமல் ஏறி உட்கார்ந்தது.

வேலை கிடைத்தது. குடி மாறிய அன்று மெத்தைகளை நான்தான் சுமந்தேன். புது அறையில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“ஒங்கண்ணன் மாஸ்கோவுல சௌக்கியமா?”

தேநீர் மூக்கில் ஏறியது.

“குபானுக்குக் கணக்குன்னா என்னன்னே தெரியாது. கடக்காரன் போட்டுக் குடுத்தது. நடுவுல எடம் விடாதன்னு மாஸ்கோவுல எவன்டா சொல்லுவான்?”

மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“அந்தச் செய்தியில மகளப் பத்தி ஒரு வார்த்த கேக்கல பாரு” என்றார், கோப்பையைப் பார்த்தபடி. “அது மட்டும் அச்சா அவனாட்டமே எழுதியிருந்த.”