மூன்றாம் ஓலை

என்னைக் கேலி செய்த ஒரு டீச்சருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும்.

நாற்பத்தாறு வயதில் ஒரு விதவைக்குக் கல்யாணம் என்றால் ஊர்வாய் சும்மா இருக்குமா? மாப்பிள்ளை கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அவரும் மனைவியை இழந்தவர். பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு வாசலில் அவர் வண்டி இரண்டு தடவை நின்றதுதான் தாமதம், நான் வேலை பார்க்கும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அந்த மகராசி என்னை 'இனமொராட்டா' என்று எழுதி, கண்ணடிக்கும் எமோஜியும் போட்டுவிட்டார். தமிழில் எழுத தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

அகராதியைப் பார்த்தேன். ஒருவன் காதலிக்கிற பெண் என்று இருந்தது. இத்தாலியச் சொல் என்றும் போட்டிருந்ததால், ரோமில் கன்னியாஸ்திரியாக இருக்கும் தங்கைக்குப் போன் செய்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்தே அப்படித்தான். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். அதற்கு ஓலை என்று பெயர். முதல் இரண்டு ஓலைக்கும் அவள் வரவில்லை. அவளுக்குப் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுவது என்றே இருந்தேன்.

ஸ்பீக்கரில் தங்கை சிரித்தாள். "அமோரேன்னா காதல்க்கா. 'இன்'னுன்னா உள்ள. காதலுக்குள்ள போன பொம்பளைன்னு அர்த்தம். இங்கன பல்லுப்போன கெழவிகளையும் அப்பிடித்தான் சொல்றாக. யார் அவளக் காதலிச்சாகங்கறது பேச்சே இல்ல, அவ காதலிக்கிறா. அம்புட்டுதான்."

போனை வைத்ததும் மகள் கேட்டாள், "நீ அப்பிடியாம்மா?"

"ஆமா," என்றேன். அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் ஞாயிறு கோயிலுக்கு வந்து, பெண்கள் பக்கம் என்னருகில் உட்கார்ந்தாள். பங்குச்சாமியார் ஓலையை வாசித்துவிட்டு, "தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும்" என்றார். மகள் எழுந்து நின்றாள்.

அவள் நடுப்பாதையைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. கம்பத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை பதறி நகர்ந்து இடம் விட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய பாட்டுப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "ஏன்டி அங்கன போய் உக்காந்த?" என்று கேட்டேன்.

"தடை இருக்கறவகதான் சொல்லணும்னாக," என்றாள். "இல்லாதவ எங்கன போய்ச் சொல்றதும்மா?"